கதிரியக்கத்தை 'விழுங்கும்' பஞ்சும், யாரும் கேக்காத சில கேள்விகளும்

வருஷத்துக்கு நாலு தடவையாவது இந்தச் செய்தி வந்துடுது. ஏதோ ஒரு பல்கலைக்கழகத்துல புதுசா ஒரு பொருள் பண்ணியிருக்காங்க. அது பஞ்சு மாதிரி. அதுல ஒரு கிராமை எடுத்து அதோட உள்பரப்பை எல்லாம் விரிச்சா கால்பந்து மைதானம் அளவுக்கு வருமாம். கதிரியக்கத் தண்ணியில போட்டா பத்தே நிமிஷத்துல 99 சதவீதத்தை 'விழுங்கிடுமாம்'. கடைசிப் பாராவுல ஃபுகுஷிமா பேரு கண்டிப்பா இருக்கும். உடனே நம்ம மக்கள் அதை எடுத்துத் தமிழ்ல போட்டு, அணுக்கழிவுக்கு முடிவு வந்தாச்சுன்னு தலைப்பு வச்சு, ஆளாளுக்கு 'நல்ல தகவல், பகிர்வுக்கு நன்றி'ன்னு பின்னூட்டம் போட்டுட்டுப் போயிடறாங்க.

2025-ல் வேதியியல் நோபல் பரிசு சுசுமு கிடகவா, ரிச்சர்ட் ராப்சன், ஓமர் யாகி மூணு பேருக்கும் கிடைச்சதுக்கு அப்புறம் கேக்கவே வேணாம். அவங்களுக்குப் பரிசு எதுக்குன்னா, உலோக-கரிமச் சட்டகங்களுக்கு. சுருக்கமா எம்.ஓ.எஃப். கட்டடத்துக்கு சாரம் கட்டறதைப் பார்த்திருப்பீங்க இல்லையா? மூங்கில் கழி, முடிச்சு, மூங்கில் கழி, முடிச்சு. அதே மாதிரி உலோக அயனிகளை முடிச்சா வச்சு, கரிம மூலக்கூறுகளைக் கழியா வச்சு மூலக்கூறு அளவுல கட்டின சாரம்தான் இது. நடுவுல எல்லாம் வெறும் இடம். அந்த வெறும் இடத்துல எதை உக்கார வைக்கலாம்ங்கறதுதான் ஆராய்ச்சியே. பிரமாதமான வேலை. பரிசுக்கு முழுத் தகுதி. எனக்கு அதுல எந்தச் சண்டையும் இல்ல.

என் சண்டை 'விழுங்கும்'ங்கிற ஒரே ஒரு வார்த்தையோட.

ஏன்னா எந்தப் பஞ்சும், எந்தச் சாரமும், எந்தக் கல்லும் கதிரியக்கத்தை விழுங்காது. விழுங்கவே முடியாது. கதிரியக்கம் அணுக்கருவுக்குள்ள நடக்கிற சமாச்சாரம். வேதியியல் அணுவோட வெளி எலக்ட்ரான்களைத்தான் தொடும். சீசியம்-137 தண்ணியில இருந்தாலும், கல்லுக்குள்ள இருந்தாலும், நோபல் பரிசு வாங்கின சாரத்துக்குள்ள இருந்தாலும் அதோட அரை ஆயுள் 30 வருஷம்தான். ஒரு நாள் கூடாது, குறையாது. ஸ்ட்ரான்ஷியம்-90-க்கு சுமார் 29 வருஷம். பத்து அரை ஆயுள் போனாத்தான் ஆயிரத்துல ஒரு பங்காகும். அதாவது 300 வருஷம்.

அப்ப இந்த வடிகட்டிங்க என்னதான் பண்ணுது? இடம் மாத்துது. தண்ணியில பரவிக் கிடந்ததைப் பிடிச்சு ஒரு திடப்பொருளுக்குள்ள சேர்க்குது. வீட்டைக் கூட்டி குப்பையை மூலையில குவிக்கிற மாதிரி. கேவலமா சொல்லலைங்க, அது பெரிய உபகாரம். ஆயிரம் லாரித் தண்ணியைக் காவல் காக்கறதுக்குப் பதிலா ஒரு டிரம்மைக் காவல் காக்கலாம். ஆனா மூலையில குவிச்சதோட வேலை முடிஞ்சுதுன்னு சொல்ற வீட்டுல நீங்க இருந்திருக்கீங்களா? முறம் எங்க, எங்க கொண்டு போய்க் கொட்டறதுன்னு யாராவது கேக்கணும் இல்லையா? அந்தக் கேள்வியை மறைக்கத்தான் 'விழுங்கும்'ங்கிற வார்த்தை உதவுது. அதான் கோவம்.

சரி, ஒவ்வொண்ணா பாப்போம்.

முதல்ல அந்த மில்லிகிராம் கணக்கு

இந்தச் செய்திகள்ல ஒரு எண் தவறாம வரும். ஒரு கிராம் பொருள் இத்தனை மில்லிகிராம் சீசியத்தைப் பிடிக்கும்னு. 200, 300, 400னு ஏலம் போற மாதிரி ஏறிக்கிட்டே போகும். யாரு எண் பெருசோ அவங்க கெட்டிக்காரங்க. இந்த எண்ணை வச்சு ஒரு பொருளை எடை போடறது, ஒரு வேலைக்காரன் எவ்வளவு சாப்பிடுவான்னு பார்த்து வேலைக்கு எடுக்கற கதை.

ஏன்னு ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டறேன். ஒரு கிராம் சுத்தமான சீசியம்-137 ஒரு நொடிக்கு சுமார் 3.2 லட்சம் கோடி சிதைவுகளைக் கொடுக்கும். நொடிக்கு ஒரு சிதைவுன்னா ஒரு பெக்கரல். இப்ப ஒரு லிட்டருக்கு 10 லட்சம் பெக்கரல் இருக்கிற தண்ணியை எடுத்துக்குங்க. படுபயங்கரமான தண்ணி. அதுல எடையா எவ்வளவு சீசியம்-137 இருக்கும்? சுமார் 0.3 மைக்ரோகிராம். ஒரு கிராமை 32 லட்சம் பங்கா போட்டா அதுல ஒரு பங்கு.

இந்தத் தண்ணியை வச்சு, கிராமுக்கு 300 மில்லிகிராம் பிடிக்கும்னு பெருமை பேசற பொருளோட ஒரு கிராமை நிரப்பணும்னா கிட்டத்தட்ட 10 லட்சம் லிட்டரை அதுக்குள்ள விடணும். அப்படியே நிரம்பிட்டாலும் அந்த ஒத்தை கிராமுல ஒரு லட்சம் கோடி பெக்கரல் உக்காந்திருக்கும். அதை எவன் தொடறது? ஆக, வயிறு எவ்வளவு பெருசுங்கிறது இங்க பிரச்சனையே கிடையாது. அது நிரம்பற நிலைமைக்கு யாரும் விடப் போறதும் இல்ல.

உண்மையான பிரச்சனை கூட்டம். ஃபுகுஷிமாவுல 2011 மார்ச்ல உலைகளைக் குளிர வைக்க முதல்ல கடல் தண்ணியைத்தான் ஊத்தினாங்க. சுனாமி கொண்டு வந்த தண்ணியும் கட்டடத்தோட அடித்தளத்துல தேங்கிக் கிடந்துச்சு. ஒரு லிட்டர் கடல் தண்ணியில கிட்டத்தட்ட 10.8 கிராம் சோடியம் இருக்கு. மேல சொன்ன பயங்கரத் தண்ணி கடல் தண்ணியா இருந்தா, ஒரு சீசியம்-137 அயனிக்கு சுமார் 20 கோடி சோடியம் அயனி. பொட்டாசியம் தனியா 45 லட்சம். திருவிழாக் கூட்டத்துல காணாமப் போன ஒரு பிள்ளையைத் தேடறதெல்லாம் இதுக்கு முன்னாடி தூசு.

அதனால ஒரு பொருளைப் பத்திக் கேக்க வேண்டிய கேள்வி 'எவ்வளவு பிடிக்கும்' இல்ல. 'இந்தக் கூட்டத்துல சரியான ஆளைப் பிடிக்குமா'ங்கிறதுதான். காய்ச்சி வடிச்ச தண்ணியில சீசியம் உப்பைக் கரைச்சு, லிட்டருக்கு 100 மில்லிகிராம்னு கொட்டி, சோடியமே இல்லாம ஒரு சோதனை பண்ணி 300-ன்னு எண் வாங்கறது ஆளே இல்லாத தெருவுல கண்ணைக் கட்டிக்கிட்டு சைக்கிள் ஓட்டின மாதிரி. ஓட்டலாம், தப்பில்ல. அதைக் காட்டி ரங்கநாதன் தெருவுல தீபாவளிக்கு முந்தின நாள் ஓட்டிடுவேன்னு சொல்லாதீங்க.

நல்ல ஆய்வாளர்கள் இதைத் தெரிஞ்சுதான் வேலை செய்யறாங்க. போட்டி அயனிகளோட சோதிச்சு, நுண்ணிய அளவுல எவ்வளவு பிடிக்குதுன்னு தனியா எழுதறாங்க. ஆனா அந்த அட்டவணை செய்திக்கு வராது. பெரிய எண்தான் வரும்.

வேலையை முடிச்சதெல்லாம் பழைய கல்லுங்கதான்

1756-ல் ஸ்வீடன்ல குரோன்ஸ்டெட்னு ஒருத்தர் ஒரு கல்லைச் சூடு பண்ணினப்ப அது தண்ணி கொதிக்கிற மாதிரி நுரைச்சு ஆவி விட்டுச்சாம். 'கொதிக்கும் கல்'னு கிரேக்கத்துல அர்த்தம் வர்ற மாதிரி ஜியோலைட்னு பேர் வச்சாரு. சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன் சேர்ந்த கூண்டு. சிலிக்கான் இருக்க வேண்டிய இடத்துல அலுமினியம் வந்து உக்கார்ற ஒவ்வொரு தடவையும் கூண்டுல ஒரு எதிர்மின்னூட்டம் மிச்சமாகும். அதை ஈடுகட்ட சோடியம் மாதிரி ஒரு நேர்மின் அயனி ஓட்டைக்குள்ள வாடகைக்கு இருக்கும். சீசியம் வந்தா சோடியம் காலி பண்ணிட்டுப் போயிடும். ஏன்? சோடியம் தன்னைச் சுத்தித் தண்ணி மூலக்கூறுகளை இறுக்கக் கட்டிப் பிடிச்சிருக்கும். சீசியம் பெரிய அயனி, அதோட பிடி லூஸு. தண்ணிச் சட்டையைச் சுலபமா கழட்டிட்டு ஓட்டைக்குள்ள கச்சிதமா உக்காந்துடும். ஓட்டையோட அளவும் சரியா அமைஞ்சா கேக்கவே வேணாம். இதான் மொத்த ரகசியமும்.

இந்தக் கல்லுங்க பண்ணின வேலையைப் பாருங்க.

அமெரிக்காவுல த்ரீ மைல் ஐலண்ட் விபத்து 1979 மார்ச் 28. உலைக் கட்டடத்து அடித்தளத்துல தேங்கின தண்ணியை 1981-லிருந்து ஜியோலைட் வழியா விட்டுச் சுத்தம் பண்ணினாங்க. அந்த வடிகட்டித் தொட்டிகளை எரிபொருள் குளத்துத் தண்ணிக்கு அடியிலேயே வச்சாங்க. ஏன்னா சீசியத்தைப் பிடிக்கப் பிடிக்க வடிகட்டியே கதிர் வீசும், அதுக்கு மேல இருக்கிற தண்ணிதான் கவசம். விழுங்கறதுன்னா கவசம் எதுக்குங்க?

இங்கிலாந்துல செல்லாஃபீல்டு. 1970-கள்ல எரிபொருள் குளத்துத் தண்ணியிலிருந்து சீசியம் ஐரிஷ் கடலுக்குப் போய்க்கிட்டிருந்துச்சு. 1985-ல் கிளினாப்டிலோலைட்ங்கிற இயற்கை ஜியோலைட்டைப் போட்டு ஒரு நிலையம் தொடங்கினாங்க. கலிஃபோர்னியாவுல தோண்டி எடுத்த கல்லு. கடலுக்குப் போற சீசியமும் ஸ்ட்ரான்ஷியமும் பெருமளவு குறைஞ்சுது.

ஃபுகுஷிமாவுல 2011 ஜூன்லயே முதல் சுத்திகரிப்பு ஓட ஆரம்பிச்சுடுச்சு. குரியன்ங்கிற அமெரிக்க நிறுவனத்தோட ஜியோலைட் தொட்டிகள். அதே ஆகஸ்ட்ல தோஷிபாவோட 'சாரி'ங்கிற கருவி. (பேரைப் பார்த்து சிரிக்காதீங்க, அவங்க மன்னிப்பு கேக்கலை :-)) அதுல ஜியோலைட்டோட சிலிக்கோடைட்டனேட்டுன்னு ஒரு பொருளும் உண்டு. அதுவும் நுண்துளைச் சட்டகம்தான். டைட்டானியமும் சிலிக்கானும் சேர்ந்து கட்டினது. உப்புக் கூட்டத்துலயும் சீசியத்தை விடாம தேடிப் பிடிக்கும்.

இதோட வரலாற்றைக் கொஞ்சம் கவனிங்க. சாண்டியா ஆய்வகமும் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1990-களோட தொடக்கத்துல இதை உருவாக்கினாங்க. ஃபுகுஷிமாவுல வேலைக்கு வந்தது 2011. அமெரிக்காவோட ஹான்ஃபோர்டுல, இரண்டாம் உலகப்போர்க் காலத்திலிருந்து சேர்ந்த கழிவுத் தொட்டிகளுக்குப் பக்கத்துல சீசியம் பிரிக்கிற கருவியில ஓட ஆரம்பிச்சது 2022 ஜனவரி. ஆக, ஆய்வகத்துலிருந்து தொட்டிக்கு 20 வருஷம், 30 வருஷம். இது சோம்பேறித்தனம் இல்லைங்க. மாவு மாதிரி இருக்கிற பொருளை உடையாத மணியா உருட்டணும். அடர்காரத்துலயும் அமிலத்துலயும் கரையாம இருக்கணும். வருஷக் கணக்கா தனக்குள்ள இருந்தே கதிர்வீச்சு அடிச்சும் நொறுங்காம இருக்கணும். தொட்டியை அடைக்காம தண்ணியை விடணும். இதுல ஒண்ணு தவறினாலும் ஆளு உள்ள போய்ச் சரி பண்ண முடியாத இடத்துல அடைப்பு.

இதுக்கு நேரெதிரா எம்.ஓ.எஃப் உலகத்தோட சூப்பர் ஸ்டார், 1999-ல் யாகி குழு வெளியிட்ட எம்.ஓ.எஃப்-5, ஈரக் காத்துல வச்சாலே கொஞ்சம் கொஞ்சமா கட்டு விட்டுப் போயிடும். தண்ணியைச் சுத்தம் பண்ண வர்ற ஆளுக்குத் தண்ணியே ஆகாதுன்னா எப்படி? அப்புறம் 2008-ல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்துல சிர்கோனியத்தை முடிச்சா வச்சு யூ.ஐ.ஓ-66 கட்டினாங்க, அது தண்ணியில நிக்குது. முன்னேற்றம்தான், மறுக்கலை. ஆனா செய்தியில 'எம்.ஓ.எஃப்'னு ஒரே சாதியா எழுதறப்ப இந்த வித்தியாசமெல்லாம் காணாமப் போயிடுது.

பழசுன்னு சொன்னேனே, இன்னொரு தாத்தா இருக்காரு. பிரஷ்யன் நீலம். 18-ஆம் நூற்றாண்டோட தொடக்கத்துல பெர்லின்ல தற்செயலா கிடைச்ச சாயம். இரும்பும் சயனைடும் மாறி மாறி கட்டின சாரம். நல்லா யோசிச்சா இன்னைக்குப் பேசற சட்டகங்களுக்கெல்லாம் பாட்டன். 1987-ல் பிரேசில் நாட்டு கோயானியாவுல கைவிடப்பட்ட மருத்துவமனைக் கருவியிலிருந்து சீசியம் வெளியே வந்து 4 பேர் இறந்தப்போ, 46 பேருக்கு உள்மருந்தா கொடுத்தது இதைத்தான். குடல்ல சீசியத்தைப் பிடிச்சுக்கிட்டு மலத்தோட வெளியே போயிடும். அதாவது மனுஷனோட வயித்துலயே சோதனை பாஸ் பண்ணின பொருள். இதைப் பத்தி ஒரு தலைப்புச் செய்தி பார்த்திருக்கீங்களா?

மூலையில குவிச்ச குப்பை

இப்ப யாரும் பேசாத இடத்துக்கு வருவோம். வடிகட்டி முடிச்சாச்சு. அப்புறம்?

ஃபுகுஷிமாவுல சீசியத்தையும் ஸ்ட்ரான்ஷியத்தோட பெரும்பகுதியையும் எடுத்த பிறகு மிச்சம் இருக்கிறதைப் பிரிக்க ஆல்ப்ஸ்னு ஒரு நிலையம் இருக்கு. 2013 மார்ச்ல சோதனை ஓட்டம். 62 வகைக் கதிரியக்கத் தனிமங்களைக் குறைக்கிறதுக்கு வடிவமைச்சது. அதுல முதல்ல ரசாயனம் போட்டு வண்டலா இறக்குவாங்க, அப்புறம் வரிசையா உறிஞ்சு தொட்டிகள். அந்த வண்டலையும் பயன்படுத்தி முடிச்ச உறிஞ்சு பொருளையும் பாலிஎத்திலீன் உள்கூடு வச்ச பெரிய கலன்கள்ல அடைச்சு வளாகத்துலயே அடுக்கி வச்சிருக்காங்க. 4,000-க்கும் மேல.

2015-ல் அதுல சிலதோட மூடிப் பக்கம் தண்ணி கசிஞ்சிருக்கிறதைப் பார்த்தாங்க. காரணம் என்ன தெரியுமா? உள்ள இருக்கிற கதிர்வீச்சு தண்ணியை உடைச்சு ஹைட்ரஜன் குமிழி உண்டாக்குது, குமிழி வண்டலுக்குள்ள மாட்டிக்கிட்டு மட்டத்தை மேல தூக்குது, தண்ணி வழியுது. பொங்கல் பானை கணக்குதான். 2021-ல் ஜப்பானோட ஒழுங்குமுறை ஆணையம் கணக்குப் போட்டு, 31 கலன்கள் தாங்கக்கூடிய கதிர்வீச்சு அளவை ஏற்கெனவே தாண்டியிருக்கும்னு சொல்லுச்சு. ஸ்ட்ரான்ஷியத்தோட பீட்டா கதிர் பிளாஸ்டிக்கை உள்ளேயிருந்தே பழசாக்குது. அப்ப அதையெல்லாம் வேற கலனுக்கு மாத்தணும். மாத்தறது யாரு? முகமூடி போட்டுக்கிட்டு ஒரு கூலித் தொழிலாளி.

2023 அக்டோபர்ல ஆல்ப்ஸ் குழாயைக் கழுவும்போது ரப்பர் குழாய் நழுவி 5 தொழிலாளிங்க மேல கதிரியக்கத் தண்ணி தெறிச்சுது. 2 பேரை ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. 2024 பிப்ரவரியில சாரி கருவியைப் பராமரிக்கும்போது மூடியிருக்க வேண்டிய வால்வு திறந்திருந்து தண்ணி வெளியே வந்துச்சு. ரெண்டுமே உறிஞ்சற பொருளோட குறையால வந்தது இல்ல. குழாய், வால்வு, மனுஷன், மேற்பார்வை.

எல்லாத்தையும் விடப் பெரிய உதாரணம் 2018. அதுவரைக்கும் ஆல்ப்ஸ் வழியா போன தண்ணியில ட்ரிட்டியம் தவிர வேற ஒண்ணும் கவலைப்படற அளவுக்கு இல்லைங்கிற மாதிரியே வெளியில பேச்சு இருந்துச்சு. 2018 செப்டம்பர்ல டெப்கோ நிறுவனமே ஒத்துக்கிட்டுது. அப்போ சேர்ந்திருந்த சுமார் 8.9 லட்சம் டன்னுல 7.5 லட்சம் டன் வெளியேற்ற வரம்புக்கு மேல இருக்குன்னு. சில தொட்டிகள்ல ஸ்ட்ரான்ஷியம்-90 மட்டும் வரம்பைப் போல 20,000 மடங்கு. ஏன் இப்படின்னு கேட்டா, தொடக்கத்துல கருவிக் கோளாறு, அப்புறம் வளாக எல்லையில கதிர்வீச்சைச் சீக்கிரமா குறைக்கணும்ங்கிற அவசரத்துல உறிஞ்சு பொருளை அடிக்கடி மாத்தாம ஓட்டினது.

மறுபடியும் படிங்க. பொருள் இருந்துச்சு. நல்ல பொருள்தான். மாத்தலை. வீட்டுல வாட்டர் ஃபில்டர் கேண்டிலை மூணு வருஷமா மாத்தாம, தண்ணி வாடை அடிக்குதுன்னு புது மாடல் விளம்பரம் பார்க்கிறவங்களை நமக்குத் தெரியும்தானே? கிராமுக்கு 300 மில்லிகிராமுக்குப் பதிலா 600 மில்லிகிராம் பிடிக்கிற பஞ்சு அன்னைக்குக் கையில இருந்திருந்தாலும் இந்தக் கதை மாறியிருக்குமா? மாறியிருக்காது. ஏன்னா இது ரசாயனக் கதையே இல்ல. எப்ப மாத்தணும், அளந்ததை எப்ப சொல்லணும்ங்கிற முடிவோட கதை.

இதுல பணயம் யாருன்னா, மீன்காரங்க. 2015-ல் ஃபுகுஷிமா மீனவர் கூட்டமைப்புக்கு அரசும் டெப்கோவும் எழுத்துல ஒரு வாக்கு கொடுத்தாங்க, சம்பந்தப்பட்டவங்க புரிஞ்சு ஏத்துக்காம தண்ணியை வெளியேத்த மாட்டோம்னு. 2023 ஆகஸ்ட் 24-ல் மீனவர் எதிர்ப்பு இருக்கும்போதே வெளியேத்த ஆரம்பிச்சாச்சு. வரம்பு மீறின தண்ணியை மறுபடியும் வடிகட்டி, கடல் தண்ணியில கலந்து, ட்ரிட்டியம் லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்குக் கீழே கொண்டு வந்துதான் விடறாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட குடிநீர் அளவே 10,000. எண்ணைப் பார்த்தா பயப்பட ஒண்ணுமில்லைதான், நானும் அதைத்தான் சொல்வேன். ஆனா 2018-ல் அந்த உண்மை வெளியே வந்த விதத்துக்கு அப்புறம், ஒரு மீன்காரர் 'உன் எண்ணை நான் ஏன் நம்பணும்'னு கேட்டா என்ன பதில்? நம்பிக்கையை உறிஞ்சிக் கொடுக்க எந்தச் சட்டகமும் இல்ல.

ட்ரிட்டியம்: ரெண்டு கட்சிக்கும் ஒரு கொட்டு

ட்ரிட்டியம் ஏன் வடிகட்டியில மாட்டாதுன்னா, அது தண்ணியில கரைஞ்ச பொருள் இல்ல, தண்ணியேதான். ஹைட்ரஜன் இருக்க வேண்டிய இடத்துல கனமான ஹைட்ரஜன். பாலுக்குள்ள கலந்த பால் மாதிரி. எதிர்ப்புக் கட்சி 'ட்ரிட்டியத்தைக் கூட எடுக்க முடியலை'ன்னு இதை மோசடியா காட்டறாங்க. ஆதரவுக் கட்சி 'ட்ரிட்டியம் மட்டும்தான் மிச்சம்'னு 2018-க்கு முன்னாடி சொன்ன மாதிரியே இன்னும் சொல்றாங்க. முதலாவது அறிவியல் தெரியாத கோவம், ரெண்டாவது வரலாறு தெரியாத சமாதானம்.

த்ரீ மைல் ஐலண்ட்லயும் இதே கதைதான். ஜியோலைட் சீசியத்தைப் பிடிச்சுது, ட்ரிட்டியம் மிச்சம். ஆத்துல விடலாம்னு வந்தப்ப கீழ் நீரோட்டத்துல இருக்கிற ஊர்க்காரங்க விடலை. கடைசியில சுமார் 23 லட்சம் காலன் தண்ணியை 1991-லிருந்து 1993 வரைக்கும் கொதிக்க வச்சு ஆவியா விட்டாங்க. 1979 விபத்துத் தண்ணிக்கு முடிவு 1993. தாமதம் ஆனது வடிகட்டியால இல்ல, எங்க விடறதுங்கிற பஞ்சாயத்தால.

2022-ல் கிடகவாவும் சேர்ந்த ஒரு குழு, சாதாரணத் தண்ணியையும் கனநீரையும் பிரிச்சுக் காட்டற நுண்துளைப் பொருளை வெளியிட்டாங்க. அழகான வேலை. அதை எடுத்து 'ட்ரிட்டியத்துக்கும் தீர்வு'ன்னு யாராவது எழுதறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்க. கனநீர் வேற, பத்து லட்சம் டன்னுக்கு மேல இருக்கிற தண்ணியில துளியூண்டு கலந்த ட்ரிட்டியம் வேற.

அப்ப எம்.ஓ.எஃப் வேஸ்ட்டா?

இல்ல. இதைச் சொல்லாம விட்டா நானும் தலைப்புச் செய்தி ஆசாமி ஆயிடுவேன். அதுக்கு உண்மையான இடம் ஒண்ணு இருக்கு. அங்க பழைய கல்லு செல்லாது.

ஜியோலைட் கூண்டுக்கு எதிர்மின்னூட்டம்னு மேல சொன்னேன். அதனால அது நேர்மின் அயனியை மட்டும்தான் பிடிக்கும். டெக்னீசியம்-99 தண்ணியில எதிர்மின் அயனியா திரியும். அரை ஆயுள் 2.1 லட்சம் வருஷம். செல்லாஃபீல்டுல 1994-ல் ஒரு புது சுத்திகரிப்பு நிலையம் தொடங்கினப்ப, அது புளூட்டோனியம் மாதிரி கனத் தனிமங்களைப் பிடிச்சுது, டெக்னீசியத்தை விட்டுடுச்சு. ஐரிஷ் கடல் சிங்கிறால்ல அளவு ஏறுச்சு. நீரோட்டத்துல நார்வே கரை வரைக்கும் போச்சு. நார்வேயும் அயர்லாந்தும் சண்டை போட்டு, 2004 வாக்குல ஒரு கரிம வேதிப்பொருளைச் சேர்த்து வண்டலா இறக்கற வழிக்கு வந்தாங்க.

இந்த மாதிரி எதிர்மின் அயனியைப் பிடிக்கிறதுக்கு, நேர்மின்னூட்டம் உள்ள சட்டகத்தை நாமளே வடிவமைச்சுக் கட்டலாம்ங்கிறதுதான் எம்.ஓ.எஃப்-ஓட பலம். சீனாவுல சூச்சௌ பல்கலைக்கழகத்துல எஸ்.சி.யூ-101, எஸ்.சி.யூ-102-னு டெக்னீசியத்துக்குன்னே கட்டியிருக்காங்க. அவங்க உண்மையான டெக்னீசியத்தை வச்சே சோதிக்கிறாங்க. நைட்ரேட் கூட்டத்துக்கு நடுவுல எப்படிப் பிடிக்குது, கதிர்வீச்சைத் தாங்குதான்னும் பாக்கறாங்க. பாராட்டணும்னா இதைப் பாராட்டுவோம். கல்லு ஏற்கெனவே நல்லா செய்யற சீசியம் வேலையில வந்து 'நான் பெரிய வயிறு'ன்னு நிக்கிறவனை இல்ல.

ஆக, அடுத்த தடவை இந்த மாதிரி ஒரு செய்தியைத் தமிழ்ல எடுத்துப் போடறதுக்கு முன்னாடி நம்ம பதிவர்கள் அஞ்சே அஞ்சு கேள்வி கேட்டுக்கணும்னு கெஞ்சிக் கேட்டுக்கறேன்.

ஒண்ணு, சோதனை பண்ணினது கடல் தண்ணியிலயா, காய்ச்சி வடிச்ச தண்ணியிலயா?

ரெண்டு, எந்த அயனி? சீசியம்னா, ஏற்கெனவே இருக்கிற ஜியோலைட்டை விட, சிலிக்கோடைட்டனேட்டை விட எதுல உசத்தி?

மூணு, மாவா இருக்கா, மணியா இருக்கா? தொட்டியில எத்தனை நாள் ஓடுச்சு?

நாலு, கதிர்வீச்சு பட்டா அதோட கரிமக் கழிங்க என்ன ஆகும்?

அஞ்சு, நிரம்பின பிறகு எங்க வைப்பாங்க, எத்தனை வருஷம், யாரு காவல்?

அஞ்சாவது கேள்விக்குப் பதில் இல்லாத செய்தி எதுவா இருந்தாலும் அது பாதிச் செய்திதான். குப்பையை மூலையில குவிச்சவனுக்குக் கைதட்டறதுல தப்பில்ல. ஆனா முறத்தை எடுத்துக்கிட்டு 300 வருஷம் நிக்கப் போறவன் யாருன்னு தெரியாம வீடு சுத்தமாயிடுச்சுன்னு ஊரைக் கூட்டி விருந்து வைக்காதீங்க.

டிஸ்கி: இது அணு உலைக்கு ஆதரவுப் பதிவும் இல்ல, எதிர்ப்புப் பதிவும் இல்ல. ரெண்டு பக்கத்து ஆளுங்களும் வந்து கும்மலாம், ஆனா எண்ணோட வாங்க. அலகு போடாத எண்ணுக்குப் பதில் கிடையாது. :-)